தடைசெய்யப்பட்ட முரசு: ஜாஸ் இசைத்தட்டுகளும் கறுப்பின மக்களின் விடுதலைப் போரும்



நினைவுப் பேருரை என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு நூலைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1960-இல் நியூயார்க்கில் பதிவான அந்தத் தட்டின் பெயர் ‘வி இன்சிஸ்ட்!’. ‘நாங்கள் வலியுறுத்துகிறோம்’ என்று பொருள். அதன் அட்டையில் பாட்டுக்காரரின் படமோ வாத்தியத்தின் படமோ இல்லை. ஓர் உணவகத்தின் மேசை முன்னால் மூன்று கறுப்பின இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரும் திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். மேசைக்கு அப்பால் வெள்ளைக்காரப் பணியாள் ஒருவர் நிற்கிறார்.

அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்போரோ நகரில், நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். காப்பி கேட்டார்கள். தரவில்லை. எழுந்து போகவும் இல்லை. அடுத்த சில வாரங்களில் தென் மாநிலங்கள் பலவற்றிலும் மாணவர்கள் இப்படி உட்காரத் தொடங்கினார்கள். தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்திருந்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

இந்தத் தட்டையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த சில தட்டுகளையும் வரலாற்று ஆவணங்களாக வாசிப்பதே இவ்வுரையின் நோக்கம். நாம் இசை இலக்கணம் கற்றவர்கள் அல்லர். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கலையை யாருடைய அறையில், யாருடைய முதலில், எந்தச் சட்டத்தின் கீழ் உருவாக்கினார்கள் என்று கேட்கத் தெரிந்தவர்கள். அந்தக் கேள்வியோடுதான் கேட்கிறோம்.

முரசிலிருந்து தொடங்குவோம்

1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டிக்கொண்டு அணிவகுத்துச் சென்றார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டு, 1740-இல், அந்தக் குடியேற்றப் பகுதியின் ஆட்சியாளர்கள் இயற்றிய அடிமைச் சட்டம் முரசையும் ஊதுகொம்பையும் அடிமைகள் வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தது. ஓசை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செய்தி கொண்டுபோகும் என்பது ஆண்டைகளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் நம் வரலாறும் அவர்கள் வரலாறும் எதிரெதிராக நிற்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே முரசு பறிக்கப்பட்டது. இங்கே பறை நம்மேல் சுமத்தப்பட்டது. அங்கே அடிக்கக் கூடாது என்று சட்டம். இங்கே சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு. எனவே சாதியையும் நிறவெறியையும் ஒன்றென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு மக்கள் கூட்டத்தின் கையையும் காதையும் யார் ஆள்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது. தடைசெய்யப்பட்ட முரசின் வழிவந்தவர்கள், இருநூறு ஆண்டுகள் கழித்து, டிரம்ஸை ஜாஸின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ‘வி இன்சிஸ்ட்!’ தட்டை உருவாக்கிய மாக்ஸ் ரோச். 1924-இல் வட கரோலினாவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர்.

பாட அனுமதிச் சீட்டு

முதலில் 1939-க்குப் போவோம். நியூயார்க்கில் ‘கஃபே சொசைட்டி’ என்ற இரவு விடுதி. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடிய அரிய இடங்களில் ஒன்று. அங்கே பில்லி ஹாலிடே ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்ற பாடலைப் பாடினார். தெற்கே வெள்ளை வெறியர்கள் கறுப்பரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடும் கொடுமை பற்றிய பாடல் அது. எழுதியவர் ஏபெல் மீரோபோல் என்ற யூதப் பள்ளி ஆசிரியர். பில்லி ஹாலிடே ஒப்பந்தத்திலிருந்த கொலம்பியா நிறுவனம் அதைப் பதிவுசெய்ய மறுத்தது. கமடோர் என்ற சிறிய நிறுவனம் 1939 ஏப்ரல் 20 அன்று பதிவுசெய்தது. கொலையைக் கொலை என்று சொல்லும் பாட்டுக்குப் பெரிய நிறுவனத்தில் இடமில்லை என்பதை அந்த மறுப்பே பதிவுசெய்துவிட்டது.

அவரை ஒடுக்கிய இன்னொரு கருவி மிகச் சாதாரணமான ஓர் அட்டை. மது விற்கும் விடுதிகளில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமென்றால் நியூயார்க் காவல்துறை தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். போதைப்பொருள் வழக்கில் 1947-இல் சிறை சென்ற பில்லி ஹாலிடேவுக்கு அந்தச் சீட்டு மறுக்கப்பட்டது. 1948 மார்ச்சில் கார்னெகி மண்டபத்தில் நிரம்பி வழிந்த கூட்டத்தின் முன் அவர் பாடினார். ஆனால் பக்கத்துத் தெரு விடுதியில் பாட முடியாது. 1959 ஜூலையில் சாகும்வரை அந்நகர விடுதிகள் அவருக்கு மூடியே கிடந்தன. பியானோ மேதை தெலோனியஸ் மங்க் 1951-இல் சீட்டை இழந்து 1957-இல்தான் திரும்பப் பெற்றார். ஒரு கலைஞன் முதிர்ந்து வரும் ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின. 1967 வரை இந்த முறை நீடித்தது. கலையைத் தடைசெய்ய எப்போதும் தனிச் சட்டம் தேவைப்படுவதில்லை. ஒரு காவல் நிலைய மேசை போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கூலியும் உரிமையும்

இசைத்தட்டு என்பது கலை மட்டுமல்ல, உழைப்பும் கூட. பதிவுக்கு இவ்வளவு என்று கூலி தந்துவிட்டு, பாட்டின் உரிமையை நிறுவனம் எடுத்துக்கொள்வது அக்காலத்தில் பரவலான வழக்கம். பழைய பாட்டை வாசித்தால் அதன் உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும். ஆனால் மெட்டுக்குத்தான் உரிமை உண்டு. அடியில் ஓடும் சுருதி அடுக்குகளுக்கு இல்லை. ஆகவே பழைய பாட்டின் அடுக்குகளை வைத்துக்கொண்டு மேலே புது மெட்டைக் கட்டுவார்கள். 1945 நவம்பர் 26 அன்று சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் சவாய் நிறுவனத்துக்குப் பதிவுசெய்த ‘கோ-கோ’ அப்படிப்பட்டது. ‘செரோக்கி’ என்ற பாட்டின் அடுக்குகள் மேல் கட்டியது. டிரம்ஸ் வாசித்தவர் மாக்ஸ் ரோச். அப்போது அவருக்கு வயது 21. ‘பீபாப்’ என்று உலகம் பின்னர் கொண்டாடிய புரட்சிக்குள் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

இசைக் கலைஞர் சங்கத்திலும் தனிச்சேரி இருந்தது. பல நகரங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டையும் ஒன்றாக்கப் போராடியவர்களில் பாஸ் வாத்தியக் கலைஞர் சார்லஸ் மிங்கஸும் ஒருவர். 1953-இல் அங்கே இணைப்பு நடந்தது. சிகாகோவில் அதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1952-இல் மிங்கஸும் ரோச்சும் சேர்ந்து ‘டெபியூ’ என்ற சொந்தப் பதிவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு மே 15 அன்று கனடாவின் டொரண்டோ நகரில் மாஸி மண்டபத்தில் பார்க்கர், டிசி கிலெஸ்பி, பட் பவல், மிங்கஸ், ரோச் ஐவரும் சேர்ந்து வாசித்த கச்சேரியை அவர்களே வெளியிட்டார்கள். வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் பார்க்கர் தன் பெயரை அட்டையில் போட முடியவில்லை. ‘சார்லி சான்’ என்ற பெயரில்தான் வந்தார். அன்று அவர் கையில் இருந்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். அந்தக் காலத்தின் மிகப்பெரிய கலைஞன் தன் பெயரை ஒளித்து வாசித்த தட்டு இன்று உலகின் முதன்மையான ஜாஸ் பதிவுகளில் ஒன்று. டெபியூ நிறுவனம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை. சொந்தப் பதிப்பகம் தொடங்கிப் புத்தகக் கட்டுகளைத் தோளில் சுமந்து விற்ற நம் தோழர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

1959: புகழும் தடியடியும்

நாற்பதுகள்வரை ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். 1948-இல் எல்.பி. தட்டு வந்த பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் வாசிக்க முடிந்தது. நீண்ட சிந்தனைக்கு இடம் கிடைத்தது. 1958-இல் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் ஒரு முழுப் பக்கத்தையும் ‘ஃப்ரீடம் சூட்’ என்ற ஒரே ஆக்கத்துக்குக் கொடுத்தார். அதிலும் டிரம்ஸ் ரோச்தான். கறுப்பின மக்களின் பண்பாட்டை நாடே தனதாக்கிக்கொண்டு அம்மக்களையே ஒடுக்குகிறது என்ற கருத்தில் அட்டையில் ராலின்ஸ் ஒரு குறிப்பு எழுதினார். அதே தட்டு பின்னர் ‘ஷேடோ வால்ட்ஸ்’ என்ற சாதுவான பெயரில் மறுபடி வெளிவந்தது. பெயரிலிருந்து ‘விடுதலை’ போய்விட்டது.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்த கொலம்பியா பதிவுக்கூடத்தில், ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் புளூ’வைப் பதிவுசெய்தார். ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப், பியானோவில் பில் எவன்ஸ், ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி. எவன்ஸ் வெள்ளையர். திறமையுள்ளவரை டேவிஸ் நிறம் பாராமல் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் வரலாற்றில் மிக அதிகமாக விற்ற தட்டுகளில் அதுவும் ஒன்று. ஆகஸ்ட் 17 அன்று வெளியானது.

எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, தான் வாசித்துக்கொண்டிருந்த ‘பேர்ட்லேண்ட்’ விடுதியின் வாசலில் டேவிஸ் நின்றிருந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருவரை டாக்சியில் ஏற்றிவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். நகரச் சொன்னார் ஒரு காவலர். இங்கேதான் வேலை செய்கிறேன் என்று, தன் பெயர் எழுதியிருந்த பலகையைக் காட்டினார். தலையில் தடியடி விழுந்தது. இரத்தம் வழியும் சட்டையோடு காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். வழக்கு பின்னர் தள்ளுபடியானது. ஆனால் பெயரும் புகழும் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும் என்று நமக்குச் சொல்கிறவர்களுக்கு அந்த இரவே பதில்.

கலைஞர்களைத் தெய்வமாக்கவும் நாம் இங்கே வரவில்லை. தன் வாழ்வில் வந்த பெண்களை அடித்ததை மைல்ஸ் டேவிஸே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தடியடி பட்டவர் வீட்டில் தடியெடுத்தவராகவும் இருக்க முடியும். இயக்கத்தில் இருப்பவர்கள் இதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அதே 1959-இல் கொலம்பியாவுக்காக மிங்கஸ் ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ என்ற ஆக்கத்தைப் பதிவுசெய்தார். ஃபாபஸ் என்பவர் ஆர்க்கன்சா மாநில ஆளுநர். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாதென்று படையை நிறுத்தியவர். அரசின் நல்லெண்ணத் தூதுவராக அறியப்பட்ட லூயி ஆம்ஸ்ட்ராங்கே அப்போது கொதித்தெழுந்து, அரசு ஏற்பாடு செய்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று அறிவித்தார். மிங்கஸ் அந்த ஆளுநரைக் கோமாளியாக்கும் மெட்டை அமைத்தார். கொலம்பியா தட்டில் மெட்டு மட்டும் இருக்கிறது, சொற்கள் இல்லை. அடுத்த ஆண்டு ‘கேண்டிட்’ என்ற சிறு நிறுவனத்தில்தான் ஆளுநரின் பெயரைச் சொல்லி ஏசும் சொற்களோடு அது பதிவானது.

வலியுறுத்துகிறோம்

அதே கேண்டிட் நிறுவனத்தில்தான், 1960 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 6 ஆகிய நாட்களில் ‘வி இன்சிஸ்ட்!’ பதிவானது. அடிமை ஒழிப்புப் பிரகடனத்தின் நூற்றாண்டு 1963-இல் வரவிருந்தது. அதற்காகத் தொடங்கிய பணியை மாணவர் போராட்டம் முந்திக்கொள்ளச் செய்தது. இசை ரோச்; சொற்கள் ஆஸ்கர் பிரவுன் ஜூனியர்; குரல் அபி லிங்கன்.

ஐந்து பகுதிகள். முதலாவது ‘டிரைவா மேன்’: தோட்டத்தில் சாட்டையோடு நிற்கும் கங்காணியைப் பற்றியது. உழைப்பைச் சுரண்டியவன் பெண்களின் உடலையும் சூறையாடியதை அபி லிங்கன் தயங்காமல் பாடுகிறார். ஐந்தைந்தாக எண்ணும் தாளத்தில், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஓர் அடி சாட்டை விழுவது போல் விழுகிறது. சாக்ஸபோன் வாசிக்கிறவர் 55 வயது கோல்மன் ஹாக்கின்ஸ். அவர் ஜாஸில் முந்தைய தலைமுறையின் பெரியவர். அவருடைய வாசிப்பில் ஓரிடத்தில் கீச்சென்று ஒரு பிசிறு கேட்கிறது. அதை வெட்டி ஒட்ட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது ‘ஃப்ரீடம் டே’: விடுதலை வந்துவிட்டதாம் என்ற செய்தியை நம்பவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் பதறும் வேகம். மூன்றாவது ‘டிரிப்டிக்’: குரலும் டிரம்ஸும் மட்டும். சொல்லே இல்லை. வேண்டுதல், எதிர்ப்பு, அமைதி என்று மூன்று நிலை. நடுவில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக அபி லிங்கன் அலறுகிறார். முதல் தடவை கேட்பவர்கள் ஒலியைக் குறைத்துவிடுவதுண்டு. நம் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாக இருக்காது.

நான்காவது ‘ஆல் ஆஃப்ரிகா’: ஆப்பிரிக்க இனக்குழுக்களின் பெயர்களை அவர் சொல்லிக்கொண்டே போக, நைஜீரியக் கலைஞர் ஒலாத்துஞ்சி யோருபா மொழியில் பதில் தருகிறார். அந்த ஓராண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. கடைசிப் பகுதி ஜோகன்னஸ்பர்க்குக்கான கண்ணீர். 1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் நகரில், நடமாட்ட அனுமதிச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள் மீது காவல்துறை சுட்டு 69 பேரைக் கொன்றதற்கான புலம்பல். அந்நாட்டு நிறவெறி அரசு இத்தட்டைத் தடைசெய்தது.

கலையா, பிரச்சாரமா?

அபி லிங்கன் சிகாகோவில் பிறந்தவர். இரவு விடுதிகளின் கவர்ச்சிப் பாடகியாகத் தொடங்கி, திரைப்படத்திலும் கவர்ச்சி உடையில் தோன்றியவர். அந்த வேடத்தை உதறிவிட்டு இந்தப் பாட்டுக்கு வந்தார். 1961 பிப்ரவரியில், காங்கோ தலைவர் லுமும்பா கொல்லப்பட்டதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குள் புகுந்து குரல் எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். அதே மாதத்தில் ‘ஸ்ட்ரெயிட் அஹெட்’ தட்டைப் பதிவுசெய்தார். ‘டௌன்பீட்’ இதழின் வெள்ளை விமர்சகர் ஒருவர், தன் நிறத்தையே தொழிலாக்கிக்கொண்டவர் என்ற பொருளில் அவரைத் தாக்கி எழுதினார். 1962-இல் அதே இதழ் இது பற்றி ஒரு கலந்துரையாடலை நடத்தி வெளியிட்டது. அபி லிங்கனும் ரோச்சும் நேருக்கு நேர் பதில் சொன்னார்கள். ஆயினும் தன் பெயரில் அடுத்த தட்டைப் பதிவுசெய்ய அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தொண்ணூறுகளில் தலித் இலக்கியம் தமிழில் எழுந்தபோது நாம் கேட்ட சொற்களே இவை. ‘வாழ்க்கை இருக்கிறது, கலை இல்லை’. ‘கோபம் இருக்கிறது, அழகியல் இல்லை’. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். விடுதிக் கவர்ச்சிப் பாட்டை யாரும் பிரச்சாரம் என்று சொல்லவில்லை. அடிபட்டவர் அடித்தவரைப் பெயர் சொல்லி அழைத்ததும்தான் கலையின் இலக்கணம் நினைவுக்கு வருகிறது.

அதேசமயம் எதிர்ப்புக்குச் சொல் கட்டாயமில்லை என்பதற்கும் ஒரு தட்டு உண்டு. 1963 செப்டம்பர் 15, ஞாயிறு. அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரில் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18 அன்று, ஜான் கோல்ட்ரேன் தன் குழுவோடு ‘அலபாமா’ என்ற ஆக்கத்தைப் பதிவுசெய்தார். ஐந்து நிமிடம். பியானோவின் அடித்தொனி மேல் சாக்ஸபோன் பேசுவதுபோல் மெல்ல நகர்கிறது. எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் கடைசியில் பொங்கி அடங்குகிறது. சொல் இல்லை, முழக்கம் இல்லை, தலைப்பு மட்டும்தான். குற்றவாளிகளில் முதலாமவர் தண்டிக்கப்பட்டது 1977-இல். கடைசியானவர் தண்டிக்கப்பட்டது 2002-இல். நீதிமன்றம் 39 ஆண்டுகளில் சொல்லி முடித்ததை அந்தத் தட்டு இரண்டு மாதத்தில் சொன்னது. 44 பேர் எரிந்த வெண்மணியின் தீர்ப்பை அறிந்த நாம் இந்தக் கால இடைவெளியை வெறும் எண்ணாகக் கடந்துவிட மாட்டோம்.

நமக்கு மிஞ்சும் வேலை

கறுப்பினப் போராட்டத்தோடு நம் தொடர்பு கற்பனையானதல்ல. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெம் பகுதியை ஒட்டியது. 1946-இல் அவர் அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்கு அளித்த மனுவைக் கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தம் பெயரையே பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களிடமிருந்து இன்னும் இரண்டைக் கற்க வேண்டும். ஒன்று, பெயர் பற்றியது. மாக்ஸ் ரோச், மிங்கஸ், மைல்ஸ் டேவிஸ் ஆகியோர் ‘ஜாஸ்’ என்ற சொல்லையே ஏற்கவில்லை. பிறர் இழிவாக வைத்த பெயர் என்றார்கள். மற்றவர்கள் அதே பெயரைப் பெருமையோடு சுமந்தார்கள். பறையை விடுவதா, மீட்பதா என்று நம்மிடையே நடந்த விவாதமும் இதுதான். பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட பெரியவர்களும் நம்முடையவர்கள். பறையை மேடையேற்றிய இளைஞர்களும் நம்முடையவர்கள். கட்டாயத்தை மறுத்தவர்கள் இல்லாமல் மேடை வந்திருக்காது.

இரண்டாவது, பதிவு பற்றியது. இவ்வுரையில் இத்தனை தேதிகளையும் பெயர்களையும் சொல்ல முடிந்தது எப்படி? ஒவ்வொரு தட்டுக்கும் எந்த நாள், எந்தக் கூடம், யார் எந்த வாத்தியம் என்று பட்டியல் எடுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் மூன்று தலைமுறையாகப் பறையடித்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? அவர்கள் அறிந்திருந்த அடிகளின் பெயர்களை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? எந்த அடியை எந்தச் சமயத்தில் அடித்தார்கள், எவ்வளவு கூலி வாங்கினார்கள், எந்த ஆண்டில் எதனால் நிறுத்தினார்கள்?

மாணவர்களே, உங்கள் கையில் இருக்கும் கைப்பேசி 1939-இன் பதிவுக்கூடத்தைவிடத் திறன் மிக்கது. இந்தக் கூட்டம் முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு முதியவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெயரையும் நாளையும் மறக்காமல் எழுதுங்கள். அவர் வாசிக்க விரும்பினால் பதிவுசெய்யுங்கள். வாசிக்க மாட்டேன் என்றால், ஏன் என்று அவர் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அவற்றைக் கேட்போம்.